இணைப்பில்தான் இரும்பு போகிறது

பட்டறைத் தொழிலாளர்களுக்கும், படகு கட்டும் ஆசாரிமார்களுக்கும், தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

சேலத்துக்குக் கஞ்சமலை உண்டு. இராமநாதபுரம் கடற்கரைக்கு அப்படி ஓர் இரும்பு மலை கிடையாது. வெளியிலிருந்து வந்த இரும்பை அடித்து, வளைத்து, மரத்தோடும் இரும்போடும் சேர்த்ததுதான் இந்தக் கரையின் உலோகத் தொழில். அதனால் நம் தொழிலின் வரலாற்றை ஆணி, ரிவிட், வெல்டிங் என்று மூன்று சொல்லில் அடக்கிவிடலாம். மூன்றும் இணைக்கும் வேலை. நம் உப்புக் காற்று முதலில் கை வைப்பதும் அந்த இணைப்பில்தான். தகட்டின் நடுப்பகுதி நன்றாக இருக்கும், ஓரம் விட்டுப்போயிருக்கும்.

முதலில் ஆணி. நாட்டுப் படகுக்குக் கொல்லர் அடித்த ஆணி சதுர ஆணி. சதுரக் கம்பியை உலையில் வைத்துத் துருத்தி ஊதி, மஞ்சள் நிறம் ஏறும்வரை காய்ச்ச வேண்டும். பட்டடையில் கால் திருப்பு, கால் திருப்பாகத் திருப்பி அடித்து நீட்டிக் கூர் எடுக்க வேண்டும். நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கிவிட்டால் மறுபடி உலைக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு அந்தச் சூட்டிலேயே அடித்தால் கூர் பிளந்துவிடும். உலைக்கு நம் மாவட்டத்துச் சீமைக்கருவேல மூட்டக்கரி நல்ல கரி, அதில் கந்தகம் மிகக் குறைவு. கந்தகம் மிகுந்த நிலக்கரியில் காய்ச்சினால் கந்தகம் இரும்புக்குள் ஏறி, பழுத்த இரும்பு அடிபடும்போதே வெடிப்பு விடும்.

ஆணியை விடச் சற்றுச் சிறிய வட்டத் துளை போட்டு இறக்கினால், சதுரத்தின் நான்கு விளிம்பும் மரத்தைக் கவ்விக்கொள்ளும். மறுபுறம் வரும் கூரை மடக்கி மரத்துக்குள்ளேயே திருப்பி அடித்துவிட்டால், அலை எவ்வளவு உலுக்கினாலும் ஆணி பின்வாங்காது. ஆனால் உப்புநீர் ஊறிய மரத்தில் ஆணி துருக்கும்போது உண்டாகும் காரமும் இரும்பு உப்பும் சுற்றியுள்ள மரத்தையே மெத்தென்று ஆக்கிவிடும். பழைய பலகையில் ஆணியைச் சுற்றிக் கறுத்து இளகிப்போன வட்டம் தெரியுமே, அது இதுதான். அந்த ஓட்டையிலேயே புது ஆணி அடிப்பது வீண் வேலை. பக்கத்தில் நல்ல மரத்தில் துளை போட வேண்டும்.

1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற மரக்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது செம்பு நன்றாக இருந்தது, அதைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் இடையில் தங்கியிருந்த இடத்தில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது. உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் மட்டமானது, அதாவது எளிதில் அரிக்கப்படுவது, கரையும். அது அளவிலும் சிறியதாக இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். அதனால் பெரிய இரும்புத் தகட்டில் சிறிய ஸ்டெயின்லெஸ் போல்ட் ஓரளவு தாங்கும். ஸ்டெயின்லெஸ் தகட்டில் இரும்பு போல்ட் போடவே கூடாது.

அடுத்தது ரிவிட், தமிழில் தறையாணி. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் பாலம் ரிவிட் வேலையின் காலத்தைச் சேர்ந்தது. பழுக்கக் காய்ச்சிய ரிவிட்டைத் துளையில் செருகி, ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து, மறுபக்கம் தலை தட்டுவார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கும். அந்த இறுக்கம்தான் அதன் பலம். எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு தகட்டுக்கு நடுவே மயிரிழைச் சந்து இருக்கத்தான் செய்யும். உப்புநீர் அதற்குள் போனால் வெளியே வராது. துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். தகட்டையே நெம்பி, ரிவிட் தலையைத் தெறிக்கவிடும். மேலே எத்தனை பூச்சு பெயின்ட் அடித்தாலும் சந்துக்குள் போகாது.

2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இணைப்புகளை முழு வெல்டிங்காகவே செய்து, மேலே துரு பிடிக்காமல் காக்கும் பாலிசிலாக்சேன் என்ற பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுப் பாடம் அது. நம் பட்டறைகளில் அந்தப் பாடம் இன்னும் இறங்கவில்லை என்பதுதான் என் வருத்தம். தகட்டின் மேல் தகடு வைத்து, அங்கங்கே இரண்டு அங்குலம் வெல்டு போட்டு, நடுவில் விட்டுவிடுகிறோம். வெல்டிங் ராடு மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் விட்ட இடமெல்லாம் அதே பழைய ரிவிட் சந்துதான். கடற்கரையில் ஓரம் முழுக்க இடைவிடாமல் மூட வேண்டும்.

ராடும் ஈரம் குடிக்கும். 7018 என்ற வகை ராடைத் திறந்து வைத்துப் பயன்படுத்தினால் ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் ஏறி, ஆறிய பிறகு விரிசல் விடும். அதை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் காய வைக்க வேண்டும். 6013 ராடுக்கு அவ்வளவு சூடு ஆகாது, பூச்சு கெட்டுவிடும். 100 டிகிரியை ஒட்டி உலர்த்தினால் போதும். துத்தநாகம் பூசிய கால்வனைஸ் குழாயை வெல்டு செய்யும் தம்பிகள் முதலில் துத்தநாகத்தைச் சாணை பிடித்து எடுத்துவிடுங்கள். அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும், வெல்டிலும் ஓட்டை விழும். முடிந்ததும் அந்த இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ட் கட்டாயம் வேண்டும்.

பெயின்ட் அடிக்கும் முன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பு பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அதுவே நீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். விடிகாலைப் பனியில் அடிக்காதீர்கள், வெயில் ஏறித் தகடு உலரட்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் நிலையம் வைத்து உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் காயப்போட்டுத் துருவை அளந்திருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் தேடி வரும் அளவுக்குக் கடுமையான காற்று, நாம் தினமும் வேலை செய்யும் காற்று.

கடைசியாக, இரும்புப் படகு வைத்திருப்பவர்களுக்கு. படகைத் தள்ளும் வெண்கல விசிறி அருகில் இருப்பதால்தான் அடித்தகட்டில் துத்தநாகக் கட்டி மாட்டுகிறோம். அது கரைய வேண்டும், கரைவதுதான் அதன் வேலை. அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். கரையேற்றும்போது பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். ஒரு வருடமாகியும் புதிதுபோலவே இருந்தால் அது படகின் இரும்பைத் தொடவில்லை என்று அர்த்தம். அதற்குப் பதிலாகச் சுக்கான் கரைந்துகொண்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு மறுபடி மாட்டுங்கள்.