எச்டிஎம்எல் 6 எப்போது வரும்? வரவே வராது!

வணக்கம். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் ஐந்தாம் பதிப்பு, அதாவது எச்டிஎம்எல் 5, முறையான பரிந்துரையாக 2014 அக்டோபர் 28 அன்று வெளிவந்தது. ஆறாம் பதிப்பு எங்கே என்று காத்திருப்பவர்கள் இனிக் காத்திருக்க வேண்டியதில்லை, ஏனெனில் அதை எவரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

பின்னணியை விரைவாகக் கடந்துவிடுவோம். 1999 டிசம்பரில் 4.01 வந்தது, அத்துடன் எச்டிஎம்எல்லின் காலம் முடிந்தது, இனி எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான குறியீட்டு மொழியின் விதிகளின்படியே இணையப் பக்கங்கள் எழுதப்படும் என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு கருதியது. அந்த விதிகளுக்கேற்ப எச்டிஎம்எல்லை மாற்றியமைத்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0, 2000 ஜனவரியில் வெளியானது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

[திரையில்: மஞ்சள் நிறப் பிழைச் செய்தி]

எக்ஸ்எம்எல் விதிப்படி, பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் டேக்குகளில் ஒரேயொன்றை மூட மறந்தாலும் உலாவி பக்கத்தைக் காட்டாமல் பிழைச் செய்தியைக் காட்ட வேண்டும். அழைப்பிதழில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டது என்பதற்காக விருந்தினரை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் போன்றது இது. ஆயினும் பெரும்பாலான தளங்களில் இந்தக் கண்டிப்பு செல்லுபடியாகவே இல்லை. அன்று பெருவாரியானோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர், 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பு வரை எக்ஸ்எச்டிஎம்எல் கோப்பை அதற்குரிய வகையில் ஏற்கவில்லை. எனவே எல்லோரும் அதைச் சாதாரண எச்டிஎம்எல் என்றே சொல்லி அனுப்பினார்கள், உலாவிகளும் அவ்வாறே படித்தன. "நான் எக்ஸ்எச்டிஎம்எல் எழுதுகிறேன்" என்று மார்தட்டியவர்களின் பக்கங்கள்கூட, உலாவியின் பார்வையில் பழைய எச்டிஎம்எல்லாகவே இருந்தன! இப்படியொரு நிலையில்தான், பழைய பக்கங்களோடு ஒத்துப்போகும் கடப்பாடே இல்லாத எக்ஸ்எச்டிஎம்எல் 2 திட்டமிடப்பட்டது.

2004 ஜூனில், எச்டிஎம்எல்லையே படிப்படியாக வளர்க்கலாம் என்று உலாவி தயாரிப்பாளர்களான மொசில்லாவும் ஓபராவும் டபிள்யூ3சியின் கூட்டமொன்றில் முன்மொழிந்தன. ஆதரவு 8, எதிர்ப்பு 14. தோற்றவர்கள் ஆப்பிளுடன் சேர்ந்து வாட்டபிள்யூஜி என்ற தனிக் குழுவைத் தொடங்கினார்கள். எச்டிஎம்எல் 5 அங்கேதான் உருவாயிற்று. எக்ஸ்எச்டிஎம்எல் 2 கைவிடப்படுவதாக 2009இல் அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் ஆறாம் பதிப்பு தேவையா? என் கருத்தில் தேவையில்லை. பாடநூல் பதிப்பாளர்களுக்கும் வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்கும் எண் உதவலாம். தொண்ணூறுகளில் எழுதிய பக்கத்தையும் நேற்று எழுதிய பக்கத்தையும் ஒரே நிரலால் காட்டியாக வேண்டிய உலாவிக்கு அதனால் பயனில்லை. இது எச்டிஎம்எல் என்று உலாவிக்குச் சொல்ல, இன்று நாம் கோப்பின் தொடக்கத்தில் எழுதும் டாக்டைப் வரியில் பதிப்பு எண்ணே கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கவனிக்காதவர்கள் மட்டும் லைக் பொத்தானை அழுத்துங்கள். கவனித்தவர்கள் கருத்துப் பகுதியில் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

வாட்டபிள்யூஜி 2011 ஜனவரியிலேயே எண்ணைக் கைவிட்டது. டபிள்யூ3சி மட்டும் 5.1, 5.2 என்று எண்ணிக்கொண்டிருந்து, 2019 மே மாத உடன்பாட்டின்படி தன் தனிப் பதிப்புகளை நிறுத்தியது. இப்போது ஒரு புதிய அம்சம் சேர வேண்டுமானால், குறைந்தது இரண்டு உலாவித் தயாரிப்பாளர்களின் ஆதரவு அதற்கு வேண்டும். சேர்ந்ததும் அது அப்படியே நடப்புத் தரமாகிவிடுகிறது. வாட்டபிள்யூஜியின் அந்தத் தர ஆவணத்தின் முகப்பில் பதிப்பு எண்ணுக்குப் பதிலாக, கடைசியாகத் திருத்தப்பட்ட தேதிதான் இருக்கிறது.