கேப் டவுன் கரையில் பெங்குவின்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்குவின் என்றதும் பனிப்பாறைதான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பக்கம் போனால், சுள்ளென்று வெயிலடிக்கும் மணலில், புதர் நிழலில் உட்கார்ந்திருக்கும் ஆப்பிரிக்கப் பெங்குவின்களைப் பார்க்கலாம். இரண்டடி உயரம், சுமார் மூன்று கிலோ எடை. குரல் மட்டும் அசல் கழுதைக் குரல்! கண்ணுக்கு மேல் இறகில்லாத இளஞ்சிவப்புத் தோல் உண்டு. உடம்பு சூடேறினால் அங்கே ரத்தம் பாய்ந்து வெப்பம் வெளியேறும்.

ஆண்டுக்கொரு முறை இதற்கு இறகு மொத்தமாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதுவரை குளிர்நீர் தோலில் படும் என்பதால் கடலில் இறங்க முடியாது. கரையிலேயே சுமார் மூன்று வாரப் பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். அதற்கு முன்பே தின்று கொழுக்க வேண்டும். தின்பது மத்தியும் நெத்திலியும். அதே மீனைத்தான் படகுகள் சுருக்குமடி போட்டு அள்ளுகின்றன. கடல் மாறியதில் மீன்கூட்டங்களும் கிழக்கே நகர்ந்துவிட்டன. கொழுப்புச் சேராமல் கரையேறும் பறவையின் கதி என்ன? பட்டினிச் சாவுதான்.

கூட்டையும் நாம் விட்டுவைக்கவில்லை. தீவுகளில் காலங்காலமாகப் படிந்த பறவை எச்சத்தைக் குடைந்துதான் இவை முட்டையிட்டு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் அதை உரத்துக்காகச் சுரண்டி ஏற்றுமதி செய்தார்கள். முட்டைகளையும் லட்சக்கணக்கில் எடுத்துத் தின்றார்கள். இன்று செயற்கைக் கூடுகளை வைத்துப் பார்க்கிறார்கள்.

மனிதர்கள் நல்லதும் செய்திருக்கிறார்கள், சொல்லாமல் விடக்கூடாது. 2000 ஜூனில் 'ட்ரெஷர்' என்ற கப்பல் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையே மூழ்கி எண்ணெய் கசிந்தது. மண்டேலா சிறையிருந்த அதே ராபன் தீவுதான். எண்ணெயில் நனைந்த சுமார் 19,000 பறவைகளைத் தொண்டர்கள் சோப்பு போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்கள். நனையாத இன்னொரு சுமார் 19,500 பறவைகளைக் கிழக்கே தொலைவில் உள்ள போர்ட் எலிசபெத் நகருக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி ஊர் திரும்புவதற்குள் எண்ணெயை அகற்றிவிடலாம் என்பது கணக்கு. கணக்கு பலித்தது.

பசிக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை. இனம் பெருக்கும் ஜோடிகள் இன்று 10,000-க்கும் குறைவு. 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாக அறிவித்தது. பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்ததன் பேரில், 2025 மார்ச்சில், ஆறு வாழிடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்கப் பத்தாண்டுத் தடை நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. மீன்பிடித் தொழில் தரப்பும் ஒப்புக்கொண்ட எல்லைகள் அவை; பழைய தடைகளைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

நன்றி, வணக்கம்.