சத்திரசிகிச்சைக்கு வெளிநாடு போகிறீர்களா? திரும்பி வரும் நாளிலிருந்து திட்டம் போடுங்கள்

[திரையில்: கட்டுநாயக்க விமான நிலையம், சென்னைக்குப் புறப்படும் விமானம்]

கொழும்பிலிருந்து சென்னைக்குச் சுமார் ஒன்றரை மணித்தியாலம். யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போவதைவிடச் சுகமான பயணம். அதனால்தானோ என்னவோ, முழங்கால் மாற்றவும், விழித்திரை ஒட்டவும், பைபாஸ் செய்யவும் இந்தியா போவதை எங்களில் பலர் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவதுபோல எடுத்துக்கொள்கிறோம். போவது சுலபம்தான். வந்த பிறகு நடப்பதைப் பற்றியது இந்த வீடியோ.

கணக்கைப் பாருங்கள். வெட்டுக்காயத்தில் கிருமி பிடித்தால் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். 30 நாள் வரையும் வரலாம். பெரிய சத்திரசிகிச்சை என்றால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து 12 வாரம் வரை இருக்கும். நீங்கள் சென்னையில் லொட்ஜ் எடுத்துத் தங்குவதோ ஏழெட்டு நாள். ஆக, சிக்கல் வந்தால் உங்கள் வெள்ளவத்தை வீட்டில்தான் வரும். வெட்டித் தைத்த டொக்டர் கடலுக்கு அந்தப் பக்கம்.

எனவே டிக்கெட் போட முன்னர் ஒரு வேலை. அதே துறை நிபுணர் ஒருவரைக் கொழும்பில் சனல் பண்ணி, நேராகக் கேளுங்கள்: "டொக்டர், நான் அங்கே செய்துகொண்டு வந்தால், காயம் பார்க்கிறது, தையல் வெட்டுறது, தேவைப்பட்டால் அட்மிட் பண்ணுறது எல்லாம் நீங்கள் பார்ப்பீங்களா?" சிலர் மாட்டேன் என்பார்கள். கோபிக்காதீர்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாத உடம்பில் கை வைக்க எந்த டொக்டரும் தயங்குவார். அந்த "மாட்டேன்" பயணத்துக்கு முன்பே காதில் விழட்டும்; 102 பாகைக் காய்ச்சலோடு இரவு பதினொரு மணிக்குக் கேட்பதுதான் கொடுமை.

அதே தடவையில் இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியற்றினின், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எல்லாம் இங்கேயே எடுத்துவிடுங்கள். எச்பிஏ1சி 8.5 வீதத்தைத் தாண்டியிருந்தால், அவசரமில்லாத சத்திரசிகிச்சையைப் பல ஆஸ்பத்திரிகளில் தள்ளிப்போடுவார்கள். சர்க்கரை கூடினால் காயம் ஆறாது, கிருமிக்கும் கொண்டாட்டம். இதை அங்கே போய் அறிந்தால் லொட்ஜ் வாடகைதான் மிச்சம். இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பவர்கள் கவனம்: வார்பரின், குளோபிடோகிரெல் போன்றவற்றைப் பொதுவாகச் சில நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இருதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் தன்பாட்டில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைபடலாம். நிறுத்தும் திகதியை உங்கள் இருதய டொக்டர் எழுதித் தரட்டும். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும்.

[திரையில்: ஆஸ்பத்திரி விளம்பரத் தாள், அதில் முத்திரைகள்]

ஆஸ்பத்திரித் தெரிவு. ஆஸ்பத்திரியின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் அமைப்புகள் ஜேசிஐ (சர்வதேசம்), என்ஏபிஎச் (இந்தியா). விளம்பரத் தாளில் அவற்றின் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அந்த அமைப்புகளின் இணையத்தளத்தில் ஆஸ்பத்திரியின் பெயரைத் தேடி, அங்கீகாரம் இன்னும் காலாவதியாகவில்லையா, நீங்கள் போகும் அதே கிளைக்கு உரியதா என்று பாருங்கள். இந்திய டொக்டர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைச் சரிபார்க்கலாம். வயிற்றுக் கொழுப்பு எடுக்க, மூக்குத் திருத்தப் போகிறவர்கள், பட்டத்தில் பிளாஸ்டிக் சேர்ஜரிக்கான எம்சிஎச் அல்லது டிஎன்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அழகியல் நிபுணர்" என்பது பட்டம் இல்லை, வெறும் பலகை.

ஏஜன்ட் மூலம் போனால், கத்தி பிடிக்கப்போவது யார் என்பதை எழுத்தில் கேளுங்கள். அடுத்த பத்து நாளும் அவர் ஊரில் இருப்பாரா என்றும் கேளுங்கள். பலர் இந்த இரண்டாவது கேள்வியை மறந்துவிடுகிறார்கள். தருகிற மதிப்பீட்டில் ஐசியு நாட்கள், இரத்தம், உடம்பில் பொருத்தும் மூட்டு, தகடு போன்றவை, பயொப்சி (திசுப் பரிசோதனை), கூடுதல் கட்டில் நாட்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதற்கு மேல் மூன்றிலொரு பங்கு பணம் கையில் இருப்பது நல்லது. சாதாரணப் பயணக் காப்புறுதி, திட்டமிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சைக்கோ அதனால் வரும் சிக்கலுக்கோ பெரும்பாலும் காசு தராது.

சிறுநீரக மாற்றுக்கு "டோனரை நாங்களே பார்த்துத் தருவோம்" என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இந்தியாவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

விசா: சுற்றுலா விசாவில் போகாதீர்கள். மருத்துவ விசா எடுங்கள், கூடப் போகிறவருக்கு மருத்துவ உதவியாளர் விசா.

[திரையில்: விமான ஜன்னல், விரியும் பலூன்]

எத்தனையாம் நாள் பறக்கலாம்? விமானத்துக்குள் காற்றழுத்தம் தரை மட்டத்தில் உள்ளதுபோல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் நிற்பதற்குச் சமம். உடம்புக்குள் அடைபட்ட வாயு அங்கே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விரியும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் சாவித்துவாரச் சத்திரசிகிச்சை என்றால் வயிற்றுக்குள் செலுத்திய காபனீரொட்சைட்டு விரைவில் உறிஞ்சப்பட்டுவிடும். ஓரிரு நாளில் பறக்கலாம். வயிற்றைத் திறந்து செய்த சிறிய சத்திரசிகிச்சைக்கு நாலைந்து நாள். நெஞ்சிலோ வயிற்றிலோ பெரிய வேலை, பைபாஸ் உட்பட, குறைந்தது 10 நாள். இவை எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்கான கணக்கு. விமான நிறுவனம் மருத்துவப் படிவம் கேட்டால் டொக்டரிடம் நிரப்பி முன்கூட்டியே அனுப்புங்கள். வீல்செயாரையும் அப்போதே பதிவு செய்யுங்கள்.

கண் விஷயத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். விழித்திரை விலகலுக்குச் சிகிச்சை செய்யும்போது சில வேளை கண்ணுக்குள் வாயுக் குமிழி விடுவார்கள். வாயுவைப் பொறுத்து அது கரைய 2 வாரம் முதல் 8 வாரம் வரை ஆகும். குமிழி இருக்கும்போது பறந்தால், அது விரிந்து கண் அழுத்தத்தைக் கூட்டி, விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திவிடலாம். பார்வை நிரந்தரமாகப் போகும். ஒன்றரை மணித்தியாலப் பறப்பானாலும் இதே கதைதான். ஆகவே ஒப்பரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: "வாயு விடுவீங்களா, எண்ணெயா?" சிலிக்கோன் எண்ணெய் என்றால் பறக்கும் பிரச்சினை இல்லை, ஆனால் எடுக்க மறுபடி வர வேண்டியிருக்கும். நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் கடல்மட்டத்தில்தான் வருகிறது. ஆனால் கடல் கொந்தளிக்கும் காலத்தில் ஓடாது, அதை நம்பித் திகதி குறிக்க முடியாது. குமிழி முழுதாகக் கரைந்துவிட்டது என்று டொக்டர் சொல்லும் வரை நுவரெலியாவும் வேண்டாம். 1,868 மீற்றர் உயரம், அதே பௌதிகம்.

[திரையில்: மேசையில் விரித்த ஆவணங்கள்]

டிஸ்சார்ஜ் அன்று எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். அன்றைக்குத்தான் பிடிவாதம் தேவை. டிஸ்சார்ஜ் சுருக்கம் தருவார்கள். அது போதாது, ஒப்பரேஷன் குறிப்பையும் கேளுங்கள். பித்தப்பை எடுத்தவருக்கு ஒரு வாரத்தில் கண் மஞ்சளாகிறது என்று வையுங்கள். பித்தக் குழாயில் கல் மிஞ்சியதா, குழாயை அடைக்கப் போட்ட கிளிப் தவறான இடத்தில் விழுந்ததா என்று தேட, இங்குள்ள டொக்டருக்கு அந்தக் குறிப்பு வேண்டும். மூட்டோ, தகடோ, ஸ்டென்டோ பொருத்தினால் அதன் பெட்டியில் வரும் ஸ்டிக்கர் கட்டாயம். ஒவ்வொரு கம்பனியின் திருகுக்கும் வேறு கருவி. பெயர் தெரியாவிட்டால் கழற்றப் போனவர் கையைப் பிசைவார். புற்றுநோய் என்றால் பயொப்சி அறிக்கையோடு ஸ்லைட்டும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும். ஸ்கான் படங்கள் சீடியில். மருந்துத் துண்டில் வர்த்தகப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பொதுப்பெயர். இந்திய வர்த்தகப் பெயர் கொழும்பு பார்மசியில் இல்லாமல் போகலாம். இவ்வளவும் கைப்பையில், விமானப் பொதியில் அல்ல.

வீடு வந்த பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டொக்டரிடம். திடீரென மூச்சு வாங்கினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

ஒரு கிருமி பிந்தி வரும். மைக்கோபக்டீரியம் அப்செஸஸ், காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். டொமினிக்கன் குடியரசில் அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு திரும்பிய அமெரிக்கர்களில் 2013, 2014 இல் இது கண்டறியப்பட்டது. காயம் ஆறியதுபோல இருந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத் தழும்பருகே சிவந்த கட்டி எழும். வழக்கமான அன்ரிபயோட்டிக்குக்கு அசையாது. டொக்டரிடம் "வெளிநாட்டில் செய்தது" என்று சொன்னால்தான் கிருமியை வளர்த்துப் பார்க்கும் அதற்கான விசேட கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார். வாட்டில் அனுமதிக்கும்போதும் இதை மறைக்காதீர்கள். மருந்துக்கு மசியாத கிருமி ஒட்டியிருந்தால் பக்கத்துக் கட்டிலுக்கும் போகும். தனியாக வைத்தால் அவமானம் இல்லை.

இந்தியாவில் செய்திருந்தால் நேரம் ஒன்றே, அதனால் டொக்டருக்குக் காயத்தின் படம் வாட்ஸ்அப்பில் அனுப்புவது வசதி. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுங்கள். சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். சில மணித்தியாலத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் சேர்ந்தால், பதில் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆவணங்களை எடுத்துக்கொண்டு, முன்பே பேசி வைத்த கொழும்பு டொக்டரிடம் கிளம்புங்கள்.