பேசப் போன இடத்தில் கேட்டவை

(ஈரோட்டில் சபையார் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அன்பிற்குரிய பெரியோர்களே, சபையாரே, இளைஞர்களே,

கொங்கு நாட்டின் கிராமச் சேகரங்களில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளின் தொகுதிகளில், முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயராக இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். என் விசுவாசப் பயணத்தையும் ஊழியத்தையும் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். இத்தனை ஆண்டுகளில் நான் செய்த பிரசங்கங்களில் பெரும்பாலானவை எனக்கே மறந்துவிட்டன. ஆனால் திண்ணைகளிலும் களத்துமேடுகளிலும் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் மக்கள் என்னிடம் சொன்னவை அப்படியே நினைவில் இருக்கின்றன. ஆகவே பேசப் போன இடங்களில் நான் கேட்டவற்றையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நான் பிறந்தது கோயம்புத்தூரில், பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டில். ஞாயிறுதோறும் ஆலயத்திற்குப் போகும் குடும்பம்தான். ஆனால் பத்தொன்பது வயதில் நான் அதை விட்டுவிட்டேன். அப்பா வேலைபார்த்த ஆலை ஒரு நாள் கதவை அடைத்தது. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. பதிலித் தொழிலாளியாக அங்கேயே சேர்ந்திருந்த எனக்கும் வேலை போயிற்று. அடுப்பு எரியாத வீட்டில் ஜெபம் மட்டும் நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விகூட அப்போது எனக்குள் எழவில்லை. அவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற அலட்சியமே இருந்தது. அது கேள்வியைவிடக் கொடியது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்த நாட்களில் எங்கள் ஆயர் ஒரு மாலை வீட்டிற்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலி தேடாமல், அம்மா விரித்த கோணிச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். வேதத்தைத் திறப்பார், ஆறுதல் சொல்வார், எழுந்து போவார் என்று நான் எதிர்பார்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ அப்பாவிடம் ஆலைக் கணக்கைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். வைப்புநிதியில் எவ்வளவு பிடித்தார்கள், பணிக்கொடை எவ்வளவு வரவேண்டும், எந்தத் தேதியிலிருந்து சம்பளம் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பையிலிருந்த நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் அப்பாதான் பேசினார். ஆலை மூடியபின் அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் அம்மா போட்ட அரிசிம்பருப்புச் சோற்றை எங்களோடு சாப்பிட்டுவிட்டு, 'ஜெபம் பண்ணட்டுங்களா?' என்று அவர் அனுமதி கேட்டார். ஆயர் ஒருவர் அப்படிக் கேட்டு நான் பார்த்தது அதுவே முதல்முறை. மறுவாரம் அவர் அப்பாவையும் இன்னும் சிலரையும் அழைத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்திற்கு மனு எழுதிக்கொண்டு போனார். பணம் வர ஆண்டுகள் ஆயின. வந்ததும் முழுதாக வரவில்லை. ஆனால் நான் ஆலயத்திற்குத் திரும்பியது அந்தக் கோணிச் சாக்கின் வழியாகத்தான்.

பிறகு 1980-களில் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தேன். இறையியலைத் தமிழிலேயே கற்பித்த கல்லூரி அது. பாமர மக்களின் இசையை வழிபாட்டிற்குள் கொண்டுவரப் பாடுபட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு அங்கே எங்களுக்கு ஆசிரியர். எந்தக் கருவியைத் தொட்டால் தீட்டு என்று ஊர் சொல்லியதோ, அந்தப் பறையையே ஆராதனையில் முழங்கச் செய்தவர் அவர். அங்கிருந்து கொங்கு நாட்டிற்குத் திரும்பியபோது, மக்களுக்கு எது நல்லது என்பது எனக்குத் தெரிந்துவிட்டதாக நம்பினேன். அந்த நம்பிக்கை எப்படிக் கலைந்தது என்பதைச் சொல்வதற்கு முன், நமக்கு முன்னால் இந்த மண்ணில் நடந்த இருவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூருக்கு இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராக டபிள்யூ. பி. ஆடிஸ் 1830-ல் வந்து சேர்ந்தார். ஈரோட்டில் ஆஸ்திரேலியரான ஏ. டபிள்யூ. பிரப் பல்லாண்டுகள் உழைத்தார். பிரப் ரோட்டில் தினமும் போய்வருகிற உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது எச். ஏ. பாப்லியைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே ஈரோட்டுப் பகுதிக்கு வந்த ஆங்கிலேயர் அவர். ஆர்மோனியத்தில் ஆங்கில இராகங்களுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்திப் பாடுவதோடு நிறைவடைந்திருந்தால் அவரை எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ நம் இசையை முறையாகக் கற்றார். கதாகாலட்சேப முறையில், கீர்த்தனையும் கதையும் கலந்து ஊர் ஊராக நற்செய்தி சொன்னார். இந்திய இசையைப் பற்றி 1921-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். திருக்குறளில் ஒரு பகுதியை மொழிபெயர்த்து 1931-ல் வெளியிட்டார். கற்பிக்க வந்தவர் குறளின் முன் மாணவராக உட்கார்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

இன்னொருவர் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி. 1947 செப்டம்பர் 27-ல் பல சீர்திருத்தச் சபைகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-ல் அவர் கோயம்புத்தூரின் முதல் பேராயரானார். 1959 வரை அப்பொறுப்பில் இருந்தார். பாளையங்கோட்டையில் 1891-ல் பிறந்தவர். சைவ மரபில் பிறந்து கிறிஸ்தவரான அவருடைய தந்தை, முதுமையில் யோக முறைத் தியானத்தையும் கைக்கொண்டார். ஆக்ஸ்போர்டில் 1922-ல் முனைவர் பட்டம் பெற்ற மகன், யோவான் நற்செய்தியை நம்முடைய பக்தி மரபோடு சேர்த்து வாசித்தார். கிறிஸ்துவில் நிலைத்திருத்தல் என்பதை அன்பில் ஒன்றுபடுதல் என்று விளக்கினார். ஆழ்வார்களும் நாயன்மார்களும் உருகிய அந்த உருக்கம் கிறிஸ்தவனுக்கு அந்நியமானதல்ல என்று தம் வாழ்நாள் முழுவதும் எழுதினார். 'உங்கள் மூதாதையர் எல்லாரும் இருட்டில் இருந்தார்கள்' என்று சொல்லப்பட்டு வளர்ந்த கிராமச் சபைகளுக்கு, இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எண்ணிப்பாருங்கள்.

இருவரையும் நான் உயிராக மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாப்லி கேட்டது கீர்த்தனை மரபின் இசை. அப்பாசாமி கேட்டது திருமுறைகளும் பாசுரங்களும் ஒலித்த மரபின் குரல். நம்முடைய கிராமச் சபைகளில் பெரும்பகுதியாக இருந்த அருந்ததிய மக்களுக்கும் பிற ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அந்த இரண்டு மரபுகளின் வாசலிலும் நிற்க இடம் கொடுக்கப்படவில்லை. அவர்களுடைய குரலைக் கேட்கும் வேலை நமக்காகக் காத்திருந்தது.

என் முதல் சேகரம் காங்கயம் பக்கம், வானம் பார்த்த மேட்டுக்காடு. நான்கைந்து ஊர்களுக்குச் சேர்த்து ஓர் ஆயர், சைக்கிளில்தான் போகவேண்டும். சென்ற சில மாதங்களில், மதுரையில் கற்றதை நடைமுறைப்படுத்தும் ஆவலோடு, அறுப்பின் பண்டிகை ஆராதனையில் தப்பட்டை, அதாவது பறை, அடிக்கலாம் என்று சபைக் கூட்டத்தில் சொன்னேன். இளைஞர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். அறுபதைத் தாண்டிய வயது. இளமையில் அந்த வட்டாரத்திலேயே பேர்பெற்ற தப்பட்டைக்காரர் அவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டு கைகளையும் என் முன் நீட்டினார். வலது கட்டைவிரலின் உட்புறத்தில், அடிக்குச்சி அழுந்திய இடத்தில், காய்ப்பு பிடித்துக் கருத்திருந்தது. தப்பட்டை அடிப்பதை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகியும் அது போகவில்லை.

'இதைக் கீழ வெக்கறதுக்குத்தானுங்கய்யா நா இந்தக் கோயலுக்கே வந்தது. பண்ணையக்காரர் ஊட்டுல எளவு உளுந்தா, எம்பட பொண்டாட்டி பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் உட்டுப்போட்டு ஓடோணும். அடிக்கலைன்னா அடி உளுகும். நீங்க மறுக்கா எடுத்து அடிங்கறீங்களே.'

சபை அமைதியாக இருந்தது. என்னிடம் பதில் இல்லை. என் ஆசிரியர் கற்றுக்கொடுத்தது தவறென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். இழிவென்று சொல்லப்பட்டதை உரிமையோடு எடுத்து நிமிர்ந்து முழக்குவது விடுதலைதான். ஆனால் எடுப்பதா, வைப்பதா என்பதை முடிவுசெய்யும் உரிமை காய்ப்பேறிய அந்தக் கைக்கே உரியது. அந்தக் கூட்டத்தில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. 'செரிங்கய்யா' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

அதன்பிறகு சில காலம் நான் எதையும் முன்மொழியவில்லை. மாலைகளில் அந்த அருந்ததிய மக்கள் குடியிருந்த வளவிற்குச் சென்று திண்ணையில் உட்காருவேன். அப்போதுதான் ஓராண்டாக என் காதுபடவே நடந்தும் நான் கவனிக்காத ஒன்று புரிந்தது. அவர்கள் வீட்டிற்குள் பேசிக்கொண்டது தெலுங்கு. அதுவே பிள்ளைகளைக் கொஞ்சும் மொழி, அழுகிற மொழி. ஆலயத்தில் தமிழில் ஜெபிக்கச் சொன்னால் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிற ஒரு பாட்டி, தன் வீட்டு இருட்டில் தெலுங்கில் அரை மணி நேரம் கடவுளோடு சண்டை போடுவதை, வாசலில் நின்று நான் கேட்டேன். பாதிதான் விளங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை, 'எந்தப் பேச்சில் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம்' என்று சபையில் அறிவித்தேன். பாட்டி எழுந்து தெலுங்கில் ஜெபித்தபோது, படித்த இளைஞர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு அவர்களில் ஒருவனே அழுதான்.

திண்ணையில் கேட்டவைதான் வேலையாக மாறின. இரவில் பிள்ளைகளுக்குப் படிக்க விளக்கில்லை என்று கேட்டபின் ஆயர் இல்லத்தின் முன்னறை இரவுப் பள்ளியானது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் முன்பணம் வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஒரே காட்டில் கிடந்த குடும்பங்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அதை எடுத்துச் சொல்லி, இரண்டு குடும்பங்களோடு அதிகாரிகளின் முன் போய் நின்றோம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு போவதை என்னால் பெரிதாகத் தடுக்க முடியவில்லை. அந்தத் தோல்வி இன்றும் உறுத்துகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது; 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. 2009-ல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும், ஞானஸ்நானம் பெற்றவரின் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. ஆலயத்திற்குப் போவதால் அந்தப் பிள்ளையை எந்தத் தேநீர்க் கடையும் வேறு தம்ளருக்கு மாற்றவில்லை. இழிவு தொடர்ந்தது, அதற்கான ஈடு மட்டும் நின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண், 'ஐயா, எங்க பேரைப் பதிவேட்டுல எழுதாம ஞானஸ்நானம் குடுக்க முடியுங்களா?' என்று என்னிடம் கேட்டாள். பொய் சொல்லச் சொல்கிறாளே என்று நான் கோபப்படவில்லை. ஓர் ஊர் முழுவதையும் இரண்டு பெயர்களோடு வாழவைத்த அந்த விதியின்மேல்தான் கோபம் வந்தது. எழுதாமல் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னேன். காத்திரு என்றும் சொன்னேன். அவள் ஞானஸ்நானம் பெறாமலேயே ஞாயிறுதோறும் வந்தாள், படித்தாள், செவிலியரானாள். என்னைவிட உறுதியான விசுவாசம் அவளுடையது. அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அந்தத் தப்பட்டைக்காரப் பெரியவருக்கும் எனக்கும் நாளடைவில் நெருக்கம் ஏற்பட்டது. வேறு சேகரத்திற்கு மாற்றலாகிப் போனபின்னும் ஆண்டுக்கொருமுறை அவரைப் பார்க்கப் போவேன். அவருடைய பேரன் கோவையில் கல்லூரியில் படிக்கும்போது பறையிசைக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தான். மேடைகளில் ஆடியபடி அடிப்பான். தாத்தா அதைப் பார்க்கப் போனதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

அவர் காலமான செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, பேரன் பறையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். தாத்தாவுக்காக ஒருமுறை அடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை; அதில் குற்றம் காண என்னால் முடியவில்லை. ஊர்க்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் முடிவு சொல்லவில்லை. உள்ளே போய் அவருடைய மூன்று மகள்களிடம் கேட்டேன். மூத்தவர், தகப்பனாரின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே, 'வேண்டாமுங்கய்யா, அப்பன் தூங்கட்டும்' என்றார். பேரன் பறையைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, பாடைக்குத் தோள் கொடுத்தான். கல்லறைத் தோட்டம்வரை ஒரு மைல் தூரம். பெண்கள் மெல்லிய குரலில் பாடிக்கொண்டு வந்தார்கள், சில அடிகள் தமிழில், சில அடிகள் தெலுங்கில். நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.