1-ஐ விட 27 பெரிது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'சானியா மிர்சாவின் டென்னிஸ் வாழ்க்கையில் விஞ்சி நிற்பது ஒற்றையரா, இரட்டையரா?' என்று தலைப்பு கொடுத்து எங்களை ஒற்றையர் பக்கம் உட்கார வைத்தீர்களே, அப்போதே எதிரணியில் ஒரு சிரிப்பு ஓடியது. பார்த்தேன். எதிரணித் தலைவர் வந்து பட்டியலையும் வாசித்துவிட்டார்: ஆறு கிராண்ட்ஸ்லாம், 43 இரட்டையர் பட்டங்கள், 91 வாரம் உலக முதலிடம், சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்து தொடர்ச்சியாக 41 வெற்றி. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் போகிற போக்கில், "ஒற்றையர் தரவரிசையில் 27-ஐத் தாண்டாதவர்" என்று ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள், அதைத்தான் சும்மா விட மனம் வரவில்லை.

ஐயா, அந்த 27 எந்த வருடம் வந்தது? 2007 ஆகஸ்டில். அப்போது களத்தில் யார் யார்? ஹெனின், ஷரபோவா, வில்லியம்ஸ் சகோதரிகள், குஸ்னெட்சோவா, மொரெஸ்மோ. ரஷ்யாவிலிருந்து மட்டும் அலை அலையாக வந்து கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஹைதராபாத்திலிருந்து ஒரு பெண் தனியாகப் புகுந்து 27-வது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

தனியாக என்றேன். அதைக் கொஞ்சம் அளந்தே காட்டுகிறேன். ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 27 அடி. இரட்டையருக்கு இரு பக்கமும் நாலரை அடி கூட்டி 36 அடி. அந்த 36-ஐ இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 18. ஒற்றையரில் 27-ம் ஒருவர் தலையில். (தரவரிசையும் 27, அகலமும் 27 என்று நான் ஜோசியம் சொல்ல வரவில்லை.) சர்வீஸ் சொதப்பினால் வலைக்கு முன்னால் நின்று காப்பாற்றத் தோழி கிடையாது. சானியாவின் இரண்டாவது சர்வீஸ் பலவீனம் என்பது ஊருக்கே தெரியும், எதிரில் நிற்பவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதையும் வைத்துக்கொண்டுதான் அவர் ஜெயித்தார்.

2005-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனுக்கு வைல்டு கார்டில், அதாவது அமைப்பாளர்கள் தந்த சிறப்பு அனுமதியில், உள்ளே போனவர் மூன்றாவது சுற்றில் செரீனாவிடம் தோற்றார். அந்த முறை கோப்பையைத் தூக்கியதும் அதே செரீனாதான். பிப்ரவரியில் சொந்த ஊரில் ஹைதராபாத் ஓபன்: மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.வின் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். மார்ச்சில் துபாயில் குஸ்னெட்சோவாவை 6-4, 6-2 என்று நேர் செட்டில் அனுப்பி வைத்தார். குஸ்னெட்சோவா அப்போது அமெரிக்க ஓபன் சாம்பியன்! செப்டம்பரில் அதே அமெரிக்க ஓபனில் நான்காவது சுற்று. அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் ஒரு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அவ்வளவு தூரம் போனதில்லை. அங்கே ஷரபோவா அவரைப் பிழிந்துவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடக்கும்போது அவருக்கு 18 வயது. இங்கே சிலர் அவர் போட்டிருந்த பாவாடையின் நீளத்தை அளந்து கொண்டிருந்தார்கள்.

நம் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் ஒரே ஒரு சுற்று ஜெயித்ததை நாம் எப்படிக் கொண்டாடினோம்! கொண்டாடியது சரிதான். பெண்கள் ஒற்றையரில் அன்று நம் நிலைமை அது. அங்கிருந்து ஏழே வருடத்தில் நான்காவது சுற்று.

எதிரணி கேட்கும்: "அப்படியானால் ஏன் ஒற்றையரை விட்டார்?" மணிக்கட்டைக் கேளுங்கள். சானியாவின் ஃபோர்ஹேண்ட், அதாவது முன்கை அடி, தோளிலிருந்து வந்தது இல்லை. கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டி விடுவார், பந்து சீறிக்கொண்டு போகும். அந்த மணிக்கட்டில்தான் 2008-ல் அறுவை சிகிச்சை. முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. 2013-ல் ஒற்றையர் போதும் என்று நிறுத்தினார். உடம்பு மறித்த வழி அது. தெரியாத ஆட்டம் என்று ஒதுங்கியவர் அல்ல.

சரி, ஹிங்கிஸுக்கு வருவோம். 2015 விம்பிள்டன் இறுதி, மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து 7-5. எனக்கும் புல்லரித்த ஆட்டம்தான். ஆனால் அந்த ஜோடி எப்படி ஓடியது? ஹிங்கிஸ் வலையருகில் மூளையாக நிற்பார், பின்னாலிருந்து இடி போல இறங்குவது சானியாவின் ஃபோர்ஹேண்ட். அந்த ஃபோர்ஹேண்டை எங்கே தீட்டினார்? ஒற்றையரில். ஹிங்கிஸுக்கு அது புதிதும் அல்ல. 2006-ல் சியோலில் இதே ஹிங்கிஸை, எதிரில் நிறுத்தி, ஒற்றையரில் தோற்கடித்திருக்கிறார் சானியா. ஒன்பது வருடம் கழித்து அவரே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். எதிரில் நிற்பதைவிட அது நல்லது என்று நினைத்திருப்பாரோ என்னவோ!

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். இரட்டையர் முதலிடம் நம் நாட்டுக்கு ஏற்கெனவே பழகிய இடம். பயஸ் இருந்தார், பூபதி இருந்தார், சானியாவுக்குப் பிறகு 43 வயதில் போபண்ணாவும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அடுத்து பேச வரும் எதிரணி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. பெண்கள் ஒற்றையர் தரவரிசையில், 27 வேண்டாம், முதல் நூறுக்குள் போதும், சானியாவுக்கு முன்னாலோ பின்னாலோ வந்த இன்னொரு இந்தியப் பெண்ணின் பெயரைச் சொல்லட்டும். சொல்லிவிட்டால், நானே என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.