காரைக் கொடுப்பதா, காசைக் கொடுப்பதா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியை நேரில் பார்த்து, சேதம் எவ்வளவு என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. வண்டி நன்றாக ஓடுகிற வரைக்கும் என்னை யாரும் தேடுவதில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட பக்கத்து இலையிலிருந்து வந்துவிடுகிறது. "சார், பழைய கார் ஒன்று வீட்டில் சும்மா நிற்கிறது. விற்றுவிடலாமா, இல்லை ஏதாவது ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாமா?"

2010, 2011 வாக்கில் கார் வாங்கியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அந்த வண்டிகளின் பதிவுச் சான்றான ஆர்.சி.க்குக் கெடு பதினைந்து வருடம். அது முடிந்தால் கார் ஓடவே கூடாது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது டெல்லிச் செய்தி. பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்று வண்டியை நிறுத்தும் பேச்செல்லாம் டெல்லி வட்டாரத்தைச் சேர்ந்தது. 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடம் தாண்டினால் ஆர்.சி. புதுப்பிக்க முடியாது என்று வந்த விதியும் அரசு வண்டிகளுக்கானது. நம் சொந்தக் காரை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். செலவுதான் ஏறிவிட்டது. 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியது. இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று அறிவித்தது. இதற்கு மேல் பசுமை வரி தனி. அந்தக் கெடு நெருங்கும்போதுதான் நமக்கெல்லாம் தர்ம சிந்தனை வருகிறது!

தப்பாகச் சொல்லவில்லை. எண்ணம் நல்ல எண்ணம்தான். "விற்றால் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது, நாலு பேருக்கு உதவட்டும்" என்று மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாலு பேர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். புளியமரத்தடியில் ஒரு கார் நின்றது. யாரோ நல்ல மனசோடு கொடுத்தது. பார்த்த வேகத்தில் பழக்கதோஷம், குனிந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் அச்சிட்டிருக்கும். 1114 என்று இருந்தது. 2014-ஆம் வருடத்தின் பதினோராவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஓரத்தில் ரப்பர் வெடித்து நூல் தெரிந்தது. பானெட்டைத் தூக்கினால் எலி ஒயரைக் கடித்துப் போட்டிருக்கிறது. பிரேக் ஆயில் டப்பாவில் இருந்தது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் சமவெளியில் ஒன்றும் காட்டாது. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதித்துச் சூடேறினால் கொதித்துவிடும், மிதி அப்படியே உள்ளே போய்விடும். தருமபுரியிலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்குகிற வண்டி இது என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இல்லத்தை நடத்துகிற அம்மாவிடம் கேட்டேன். வண்டி வந்தபோது ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். டிரைவர் சம்பளத்துக்கு வழியில்லை. இன்சூரன்ஸ் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஆயிரம் முதல் ஆயிரத்து ஐநூறு சி.சி. வரையுள்ள காருக்கு, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும், 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி 3,416 ரூபாய், வரி தனி. நமக்கு அது பெரிய தொகையில்லை. மாத அரிசிக்கு யாரிடம் கேட்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குப் பெரிய தொகை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழி வேறு இருக்கிறதா, வாங்கிக்கொள்கிறவர்கள் வேண்டாம் என்று வாயைத் திறப்பதில்லை. திறந்தால் கொடுத்தவர் அடுத்த தடவை அன்னதானத்துக்கும் வரமாட்டார் என்ற பயம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "அங்கே காரைத் தானம் கொடுத்தால் வரி குறையுமாம்." உண்மைதான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது? தொண்டு நிறுவனம் வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பெரும்பாலும் ஏலத்தில் விற்றுவிடும். 500 டாலருக்கு மேல் வரிக் கழிவு கேட்டால், ஏலத்தில் என்ன விலை போனதோ அந்த அளவுக்குத்தான் பொதுவாகக் கழிவு. 2005-லிருந்து அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆக, அங்கேயும் கடைசியில் இல்லத்துக்குப் போய்ச் சேருவது காசுதான். நடுவில் விற்கிற வேலையை அவர்கள் செய்கிறார்கள். இங்கே அந்த வேலையை நாம் செய்யவேண்டும்.

நம் ஊர் வருமான வரியில் நன்கொடைக்குக் கிடைக்கிற கழிவை 80ஜி என்று சொல்கிறோமே, அது பணமாகக் கொடுத்தால் மட்டும்தான். கார், துணி, அரிசி, எதைப் பொருளாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. செக்கோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. விற்றால் வரி வருமா என்றும் கேட்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்றால் அதற்கு மூலதன ஆதாய வரி இல்லை. பழைய காருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 2025 தொடக்கத்தில் ஒரு பரபரப்பு வந்ததே, அது பதிவு பெற்ற வியாபாரி தன் லாபத்தில் கட்டுவது. நீங்கள் உங்கள் காரை பக்கத்துத் தெரு வாத்தியாருக்கு விற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான். காரை விற்றுவிடுங்கள். வந்த பணத்தில் எவ்வளவு மனது சொல்கிறதோ அவ்வளவை இல்லத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள். அதில் கேஸ் சிலிண்டர் வாங்குவார்களோ, மருந்து வாங்குவார்களோ, அவர்கள் பாடு.

காரையே கொடுப்பது சரியாக வருகிற இடமும் உண்டு. அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே டிரைவர் இருக்கவேண்டும், வண்டி நிஜமாகவே வேண்டும் என்று அவர்களாகக் கேட்டிருக்கவேண்டும். அப்படியானால் நாலு டயரும் மாற்றி, பிரேக் வேலை பார்த்து, ஒரு வருட இன்சூரன்ஸ் கட்டிக் கொடுங்கள். சித்தேரி மலைப் பக்கமோ அஞ்செட்டிப் பக்கமோ இருக்கிற ஓர் இல்லத்துக்கு ராத்திரி நேரத்தில் ஒரு வண்டி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும்.

ஓடாத வண்டியாக இருந்தால் இன்னொரு இடம் இருக்கிறது. மோட்டார் மெக்கானிக் படிப்பு நடக்கிற ஐ.டி.ஐ. பையன்கள் கழற்றி மாட்டிப் பழக இன்ஜினும் கியர் பாக்ஸும் வேண்டும். வண்டி ஓடவேண்டும் என்ற அவசியமே இல்லை. முதலில் பிரின்சிபாலைப் பார்த்துக் கேளுங்கள். அரசு ஐ.டி.ஐ. என்றால் மேலிடத்து அனுமதி, கடிதம் என்று கொஞ்சம் அலைச்சல் இருக்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும்.

நம்ம வீட்டு டிரைவருக்கே கொடுத்துவிடலாம் என்று சிலர். கொடுங்கள், அவர் குடும்பம் ஏறிப் போகட்டும். ஆனால் அவர் சொந்த போர்டு காரில் ஒகேனக்கல்லுக்கு வாடகை அடிக்க ஆரம்பித்தால் சிக்கல். வெள்ளை போர்டு வண்டிக்கு எடுத்த பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நடந்து நான் போய் நிற்கும்போது, உள்ளே இருந்தவர்கள் காசு கொடுத்து ஏறினார்களா என்பதுதான் முதல் விசாரணை. இதைக் கொடுக்கும்போதே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, விற்பதோ கொடுப்பதோ, இரண்டுக்கும் பொதுவான ஒரு காரியம் இருக்கிறது. பேர் மாற்றுவது. நம் ஊரில் இதைத்தான் அசட்டையாக விடுகிறார்கள். தானமாகக் கொடுத்தாலும் சட்டப்படி அது உரிமை மாற்றம்தான், அதே ஃபார்ம் 29, அதே ஃபார்ம் 30. தமிழ்நாட்டுக்குள் என்றால் கொடுத்தவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். நடைமுறையில் என்ன செய்கிறோம்? வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யையும் சாவியையும் புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அவர் இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு. வண்டி நாலு கை மாறினாலும் ஆர்.சி.யில் உங்கள் பேர்தான்.

இப்படிப்பட்ட ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007-இல் ஒருவர் காரை விற்றார். அது அடுத்தடுத்துக் கை மாறியது. 2009-இல் விபத்து, ஓர் உயிர் போனது. ஆர்.சி. முதல் ஆள் பேரிலேயே இருந்தது. எப்போதோ விற்றுவிட்டேனே என்று அவர் சொன்னார். 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவருக்கு. விபத்தில் அடிபட்டவர்கள், வண்டி எத்தனை கை மாறியது என்று தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது நீதிமன்றத்தின் எண்ணம். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்த காராக இருந்தாலும் இதே சட்டம்தான். புண்ணியத்துக்கு என்று தனி விதி கிடையாது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடகா பார்ட்டி வந்து இரண்டாயிரம், மூவாயிரம் கூட வைத்துக் கேட்பார். முறைப்படி ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி அங்கே பதிவு செய்தால் அவர் அந்த ஊர் வரியும் கட்டவேண்டும். பழைய காருக்கு அதை யார் கட்டுவார்? டி.என். 70 நம்பரிலேயே பெங்களூரில் ஓட்டிக்கொண்டிருப்பார். அங்கே சிக்னல் தாண்டினால் அபராதச் செய்தி உங்கள் போனுக்கு வரும். கூட வைத்த இரண்டாயிரத்துக்கு இது கட்டுப்படியாகாது. உள்ளூர் ஆளுக்கு, பேர் மாறின பிறகு மீதிப் பணம் என்று பேசி விற்பது நிம்மதி. பழைய கார் விற்கிற கடைக்காரரிடம் விடுவதாக இருந்தால், அவரிடம் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததை இணையதளத்தில் பதிந்துவிட்டால், அதற்கப்புறம் அவர்தான் உரிமையாளராகக் கருதப்படுவார்.

அப்பா பேரில் கார், அப்பா காலமாகிவிட்டார் என்றால் நேரடியாக விற்க முடியாது. ஃபார்ம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்தது. பழைய கடன் தீர்ந்தும் ஆர்.சி.யில் வங்கிப் பேர் நிற்கும், அதையும் ஃபார்ம் 35 கொடுத்து எடுத்துவிடுங்கள்.

விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது என்கிற நிலைமையில் இருக்கிற வண்டியைக் கண்டம் செய்துவிடலாம். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் இரும்பு போகும், ஆர்.சி. உயிரோடு இருக்கும். அந்த நம்பரும் சேஸிஸ் எண்ணும் வேறு எந்த வண்டியில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. 2021-இல் வந்த மத்திய அரசின் கொள்கைப்படி பதிவு பெற்ற உடைப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதே ரகப் புது வண்டி ஷோரூம் விலையில் நாலு முதல் ஆறு சதவீதம் வரை விலையாகக் கிடைக்கலாம் என்பது அந்தக் கொள்கையின் மதிப்பீடு. புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்றும் அதில் இருக்கிறது. எங்கே போட்டாலும் பதிவை ரத்து செய்யச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும்.

வண்டி கை மாறியதும் இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு ஒரு நடை போங்கள். ஆர்.சி. ஒருவர் பேரில், பாலிசி இன்னொருவர் பேரில் இருக்கிற வண்டி அடிபட்டு என் முன்னால் வந்தால், வாங்கியவருக்குப் பைசா வராது. வாங்குகிறவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். உங்களுக்கும் அங்கே ஒரு லாபம் இருக்கிறது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி சேர்ந்திருக்கும். அது வண்டியோடு போகாது, உங்களுடையது. கடிதமாக வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்குகிற அடுத்த காருக்கு உதவும். கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் கண்ணாடியில் ஒட்டின ஃபாஸ்டாக். ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டால் மட்டும் கணக்கு மூடாது, வண்டியோடு விட்டுவிட்டால் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வாங்கினவர் போய்வரப் போய்வர உங்கள் காசு கழியும். கொடுத்த வங்கிக்கு போன் போட்டு மூடச் சொல்லி, பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.