கலகச் சட்டத்தை வாசித்தால் திட்டுவது என்று பொருளா?

[திரையில்: 'ரீட் தி ரயட் ஆக்ட்']

இது ஓர் ஆங்கில மரபுத்தொடர். பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கும்போது அப்பா செய்வது இது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியிடம் பயிற்சியாளர் செய்வதும் இதுதான். நேர்ப்பொருள், கலகச் சட்டத்தை வாசிப்பது. 'வெளுத்து வாங்குவது' என்று இதைத் தமிழில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

[திரையில்: பிரிட்டன், 1715]

இப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருந்தது. 1714இல் ஜெர்மனியிலிருந்து வந்து அரியணை ஏறினார் முதலாம் ஜார்ஜ். அவரை ஏற்காதவர்கள் பல ஊர்களில் கலகத்தில் இறங்கினார்கள். அதை அடக்க வந்த சட்டம் 1715 ஆகஸ்ட் 1 முதல் அமலானது.

12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், மாஜிஸ்திரேட் கூட்டத்தை நெருங்கிப்போய் உரத்த குரலில் ஓர் அறிவிப்பை வாசிப்பார். உடனே கலையுங்கள், அமைதியாக வீட்டுக்கோ வேலைக்கோ போங்கள், இது அரசர் ஆணை. முடிவில், 'கடவுள் அரசரைக் காப்பாராக'. அந்தக் கடைசி வரியை வாசிக்காமல் விட்டதாலேயே 1830இல் ஒரு வழக்கில் தண்டனை நிற்கவில்லை!

வாசித்த பிறகு ஒரு மணி நேரம் அவகாசம். அதன் பிறகும் கலையாதவர்களுக்கு மரண தண்டனை விதிக்கலாம். கலைக்கும்போது யாராவது செத்தால், கலைத்தவர்கள்மீது குற்றமில்லை.

[திரையில்: மான்செஸ்டர், 1819 ஆகஸ்ட் 16]

புனித பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர். நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு, குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள். சட்டத்தை வாசித்துவிட்டோம் என்றார்கள் மாஜிஸ்திரேட்டுகள். அவ்வளவு பெரிய திடலில் அது எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. சுமார் 18 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையும் இறந்தவர்களில் ஒன்று. இதைப் படித்த பிறகு அந்தத் தொடரை என்னால் லேசாகச் சொல்ல முடிவதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இல் சட்டம் நீக்கப்பட்டது. தொடர் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது.

இனி 'வெளுத்து வாங்குவது' என்ற அந்த மொழிபெயர்ப்புக்கு வருவோம். திட்டு, நடந்து முடிந்ததற்காக விழுவது. கலகச் சட்டத்தை வாசிப்பதோ இனி நடக்கப்போவதைப் பற்றியது. அதற்கு அதிகாரம் வேண்டும், அவகாசம் வேண்டும், மீறினால் விளைவும் வேண்டும். "இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். நாளை முதல் இப்படி நடந்தால் கைப்பேசி என் பெட்டிக்குள் போய்விடும்" என்று அம்மா சொல்கிறாரே, அந்த இடத்தில் இந்தத் தொடரைப் போடுங்கள்.